லோடு வண்டியின் ஃபியூஸ்: அறிந்து மாற்றுவோம்



நமது அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் நிதியிலிருந்து சிறு லோடு வண்டி வாங்கிய சகோதரர்கள் நம் ஊரில் இப்போது பலர் இருக்கிறார்கள். குட்டியானையோ பிக்கப்போ, எதுவானாலும் அந்த வண்டி ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அவர்களில் ஒருவருடைய வண்டி சில மாதங்களுக்கு முன் 25 நாட்கள் ஓடாமல் நின்றது. காரணம் ஒரு ஃபியூஸ். கடையில் 10 ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள்.

சுபுஹுக்கு முன் மீன் ஏற்றப் போகும்போது வண்டியின் பின் விளக்குகள் எரியவில்லை. டீக்கடையில் நின்ற ஒருவர் உதவி செய்வதாக எண்ணி, போன ஃபியூஸைக் கழற்றி, அதன் இரண்டு கால்களையும் சேர்த்துச் செம்புக் கம்பியைச் சுற்றி மறுபடி செருகிக் கொடுத்தார். விளக்கு எரிந்தது. சகோதரரும் நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டார். ஒன்பது நாட்கள் எந்தக் குறையும் தெரியவில்லை. பத்தாம் நாள் மழையில் வந்துகொண்டிருந்தபோது டேஷ்போர்டுக்குள்ளிருந்து புகை கிளம்பியது. அல்ஹம்துலில்லாஹ், உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டேஷ்போர்டுக்கு அடியில் ஓடும் ஒயர்க் கட்டு முழுவதும் உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. அதை மாற்றும்வரை ஓட்டமும் இல்லை, வருமானமும் இல்லை. இரண்டு தவணைகள் நின்றன. நமது நிதி சுழன்று வருவது. ஒருவர் திருப்பித் தரும் பணம்தான் வரிசையில் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போகிறது. அந்த நேரத்தில் காத்திருந்தவர், தையல் இயந்திரத்துக்கு மனுக் கொடுத்திருந்த ஒரு சகோதரி.

கம்பி சுற்றிக் கொடுத்தவரையோ வண்டிக்காரச் சகோதரரையோ நாம் குறை சொல்லவில்லை. இந்தப் பழக்கம் நம் வீடுகளிலிருந்து வந்தது. பீங்கான் ஃபியூஸ் கட்டையைக் கழற்றி, பழைய ஒயரை உரித்து, இரண்டு இழைகளை எடுத்துச் சுற்றிப் போட்டு வளர்ந்தவர்கள் நாம். அது வீட்டிலும் சரியான முறை அல்ல. அதற்கென்று அளவு பார்த்து விற்கப்படும் ஃபியூஸ் கம்பியைத்தான் போட வேண்டும். வண்டியிலோ இது இன்னும் ஆபத்தானது. ஏன் என்று தெரிந்துகொண்டால் யாரும் இன்னொரு முறை செய்ய மாட்டார்கள் என்பதால்தான் இம்மாதம் இந்தப் பாடம்.

வண்டி பேட்டரி 12 வோல்ட். கையை வைத்தாலும் ஷாக் அடிப்பதில்லை. அதனால் வீட்டுக் கரண்டுக்குப் பயப்படுகிறவர்கள்கூட வண்டிக் கரண்டை விளையாட்டாக நினைத்துவிடுகிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். வீட்டில் 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பு இழுக்கும் கரண்ட் கால் ஆம்பியர் சொச்சம். அதே 60 வாட்டை வண்டியின் ஹெட்லைட் 12 வோல்ட்டில் எரிக்க 5 ஆம்பியர் வேண்டும். வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு அதிக ஆம்பியர் ஓட வேண்டும். ஒயரைச் சூடாக்குவது அந்த ஆம்பியர்தான். இன்ஜினைச் சுழற்றித் தொடங்க நூறு ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய பேட்டரி, எங்காவது உரிந்த ஒயர் பாடியில் தொட்டுவிட்டால் அந்த முழு பலத்தையும் அந்த ஒல்லி ஒயரில் கொட்டிவிடும். ஷாக் அடிக்காத பேட்டரிதான் வண்டியை எரிக்கிறது.

அதைத் தடுக்க வைக்கப்பட்டதே ஃபியூஸ். அதன் நடுவில் உள்ள மெல்லிய உலோகப் பட்டை, ஒயர் சூடாகி உருகுவதற்கு முன்பே தான் உருகி அறுந்து வழியை மூடிவிடும். ஃபியூஸ் இருப்பது பல்பையோ ஹாரனையோ காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். அது முதலில் காப்பது ஒயரை. ஒயரின் கனத்தைப் பார்த்துத்தான் தயாரிப்பாளர் ஃபியூஸின் எண்ணை முடிவு செய்கிறார். 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 30 போட்டால், 10 ஆம்பியருக்கென்று போட்ட ஒயருக்கு 30 ஆம்பியர்வரை அனுமதி கொடுத்துவிட்டோம் என்று பொருள். செம்புக் கம்பியைச் சுற்றினால் அதற்குக் கணக்கே இல்லை. ஃபியூஸ் இருந்த இடத்தில் எதுவும் உருகாது. உருகுவது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஒயராக இருக்கும். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சுருட்டி வைப்பவர்களும் உண்டு. அதுவும் இதே கதைதான்.

இன்றைய லோடு வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது இரண்டு தட்டைக் கால்கள் கொண்ட பிளேடு ஃபியூஸ். தலையில் எண் அச்சிட்டிருக்கும், நிறமும் உண்டு. 5 ஆம்பியர் இளம் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமில்லாதது, 30 பச்சை. ஆனால் நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். பேட்டரி பக்கம் இருக்கும் பெரிய அளவு பிளேடு ஃபியூஸில் சிவப்பு என்றால் 50, நீலம் என்றால் 60. ஆகவே எண்ணைப் படித்து எடுங்கள். அளவிலும் பெரியது, நடுத்தரம், மினி என்று வேறுபாடு உண்டு. மினி இருந்த இடத்தில் நடுத்தர ஃபியூஸை அழுத்தித் திணித்தால் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி அகன்றுவிடும். பிறகு சரியான ஃபியூஸ் போட்டாலும் பிடிப்பு இல்லாமல் சூடாகும்.

ஃபியூஸ் பாக்ஸ் பொதுவாக இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று டேஷ்போர்டுக்குக் கீழே, மற்றொன்று பேட்டரி அல்லது இன்ஜின் பக்கம். மூடியின் உட்புறத்தில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் இருக்கும். பழைய வண்டிகளில் அந்த ஸ்டிக்கர் கிழிந்து போயிருக்கும், அப்போது வண்டியோடு வந்த மேனுவலைப் பாருங்கள். இதை வண்டி நன்றாக ஓடும்போதே ஒருநாள் பகல் வெளிச்சத்தில் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இருட்டில், சாலையோரத்தில், லாரிகள் உரசிக்கொண்டு போகும்போது தேடுவது சிரமம்.

மாற்றும் முறை எளிது. சாவியை அணைத்துக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். பாக்ஸின் மூடிக்குள் சிறு பிளாஸ்டிக் இடுக்கி இருக்கும். அதனால் ஃபியூஸை நேராக மேலே இழுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், பக்கத்து ஃபியூஸில் பட்டு ஷார்ட் ஆகும். கழற்றிய ஃபியூஸை வெளிச்சத்தில் பிடித்துப் பட்டை அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் அது எப்படி அறுந்திருக்கிறது என்பதையும் பாருங்கள், அதில் செய்தி இருக்கிறது. உள்ளே கருகிப் புகை படிந்திருந்தால் பெரும்பாலும் எங்கோ ஒயர் நேரடியாக உலோகத்தில் தொட்டிருக்கிறது. கருப்பே இல்லாமல் பட்டை இளகி அறுந்திருந்தால் அளவுக்கு மேல் பாரம் இழுத்திருக்கிறது, உதாரணமாக சேறு பிடித்துச் சிக்கிய வைப்பர் மோட்டார். அதே எண், அதே அளவு ஃபியூஸை நேராக அழுத்திச் செருகுங்கள். கருகிய பழையதைத் தூக்கி எறியாதீர்கள். எலக்ட்ரீஷியனிடம் காட்டினால் பாதி வேலை மிச்சம்.

கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஃபியூஸும் சில நேரம் போயிருக்கும். டெஸ்ட் லேம்ப் இருந்தால் கழற்றாமலே சோதிக்கலாம். ஃபியூஸின் தலையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் தெரியும். லேம்பின் கிளிப்பைப் பாடியில் மாட்டி, சாவியைப் போட்டு, அந்தந்த சுவிட்சையும் போட்டு முனையை இரு புள்ளிகளிலும் வையுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலுமே எரியவில்லை என்றால் குறை ஃபியூஸுக்கு முன்னால், ரிலேயிலோ சுவிட்சிலோ இருக்கிறது.

புதிய ஃபியூஸ் போட்டதும் மறுபடி போய்விட்டதா? மூன்றாவது போடாதீர்கள். பெரிய எண்ணும் போடாதீர்கள். எங்கோ ஒயர் தொட்டிருக்கிறது என்று வண்டி சொல்கிறது. லோடு வண்டிகளில் இது அதிகம் நடப்பது பின்பக்கம்தான். கேபினிலிருந்து டெயில் லைட்டுக்குப் போகும் ஒயர், சேஸிஸ் ஓட்டைகள் வழியாகவும் லோடு பாடியின் அடியிலும் ஓடுகிறது. அதைப் பிடித்திருக்கும் கிளிப் விட்டுப்போனால், குலுங்கிக் குலுங்கித் தகர விளிம்பில் தேய்ந்து உரிந்துவிடும். மீன் ஏற்றும் வண்டிகளுக்கு இன்னொரு சோதனை. ஐஸ் கரைந்து வடியும் உப்புத் தண்ணீர் டெயில் லைட் சாக்கெட்டுக்குள் இறங்கிப் பச்சைப் பாசியைப் போல் களிம்பு பிடித்துவிடும். அரிசி, தீவனம் ஏற்றும் வண்டிகளில் எலி கடித்த ஒயர் வழக்கம். நாம் முதலில் சொன்ன வண்டியில் குறை இருந்ததும் பின்பக்கம்தான். நம்பர் பிளேட் விளக்கின் ஒயர் தேய்ந்து ஒரு விரல்கடை நீளத்துக்கு உரிந்திருந்தது. அதை டேப் சுற்றிச் சரி செய்திருந்தால் வேலை அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

இந்தத் தொடும் இடத்தைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் ஒரு நல்ல வழி உண்டு. நம் இளைஞர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது. பிரேக் லைட்டுக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றில் இரண்டு ஒயர்களை இணைத்து, அந்த முனைகளை ஃபியூஸ் இருந்த இரண்டு பிடிகளிலும் செருகுகிறார்கள். டெயில் லைட் பல்புகளைக் கழற்றிவிட்டு, சுவிட்சைப் போடுகிறார்கள். எங்காவது ஒயர் பாடியில் தொட்டிருந்தால் இந்தப் பல்பு பிரகாசமாக எரியும். பல்பு இரண்டு ஆம்பியருக்கு மேல் விடாது என்பதால் ஒயர் கருகாது. இப்போது ஒருவர் வண்டிக்கு அடியில் ஒயரைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக்கொண்டே போக, மற்றவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்த இடத்தில் அசைக்கும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் குறை. ஒரு ஃபியூஸ்கூட வீணாகாது.

சில நேரம் குறை ஒயரில் இல்லை, நாம் கூட்டிச் சேர்த்ததில் இருக்கும். டெயில் லைட், நம்பர் பிளேட், முன் பார்க்கிங் விளக்குகள் எல்லாம் ஐந்தைந்து வாட்டாக 25 வாட், சுமார் 2 ஆம்பியர்தான். அதே ஒயரில் வரிசையாக அலங்கார எல்.இ.டி., பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர் என்று கூட்டிக்கொண்டே போனால் ஃபியூஸ் போகத்தான் செய்யும். ஏர் ஹாரனின் கம்ப்ரஸர் ஒன்றே 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். (மாறி மாறிப் பல ராகத்தில் கத்தும் ஹாரனுக்குச் சட்டத்தில் அனுமதியும் இல்லை. பள்ளிவாசல் தெருவில் இஷாவுக்குப் பிறகு அதை அடிக்கும் தம்பிகள் கவனிக்கவும்.) கூடுதலாக ஏதாவது மாட்டத்தான் வேண்டும் என்றால் பேட்டரியிலிருந்து தனி ஒயர், பேட்டரிக்கு அருகிலேயே தனி ஃபியூஸ், தனி ரிலே வைத்து மாட்டச் சொல்லுங்கள். வெட்டி ஒட்டிய ஒயரினால் தீப்பிடித்தது என்று தெரிந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்ஜின் கம்ப்யூட்டர், ஏ.பி.எஸ். பிரேக் என்று எழுதியிருக்கும் ஃபியூஸ்கள் தொடர்ந்து போனால் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். கேஸில் ஓடும் வண்டியில் கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் ஃபியூஸையும் தொடாமல், இறங்கி விலகி நின்று ஆள் அழையுங்கள். பேட்டரியைக் கழற்ற நேர்ந்தால் முதலில் நெகட்டிவ், மாட்டும்போது அது கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பானர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். மோதிரம், உலோகக் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள்.

வண்டிக்காரர்களின் வீட்டாருக்கும் ஒரு வேலை உண்டு. வண்டி இரவில் வீட்டு வாசலில் நிற்கும்போது டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் எரிகிறதா என்று பின்னால் நின்று பார்த்துச் சொல்ல ஓட்டுநருக்கு இன்னொருவர் தேவை. பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். வாரம் ஒருமுறை போதும். இருட்டில் பின் விளக்கு இல்லாமல் நிற்கும் லோடு வண்டியில் இருசக்கர வாகனம் வந்து மோதுவது நம் பக்கத்துச் சாலைகளில் புதிதல்ல.

10, 15, 20 ஆம்பியரில் இரண்டிரண்டு ஃபியூஸும், உங்கள் வண்டியில் வேறு எண் இருந்தால் அதுவும், ஒரு சிறு டப்பாவில் போட்டு டேஷ்போர்டில் வையுங்கள். பெயரே இல்லாத மலிவு ஃபியூஸ்களை வாங்காதீர்கள். அவற்றில் சில, பட்டை அறுவதற்கு முன் பிளாஸ்டிக்கே உருகிவிடும்.

நமது கடன் நிதியில் வண்டி வாங்கியவர்களும் மற்றவர்களும், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலக வாசலுக்கு வண்டியைக் கொண்டு வந்தால், ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து எல்லா எண்ணும் சரியாக இருக்கிறதா என்று நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் கட்டணமில்லாமல் பார்த்துக் கொடுப்பார், இன்ஷா அல்லாஹ். யாராவது கம்பி சுற்றி வைத்திருந்தால் வெட்கப்பட வேண்டாம், அப்படியே கொண்டு வாருங்கள். சரியான ஃபியூஸை அங்கேயே போட்டுக்கொண்டு போகலாம். வரும்போது வண்டியின் மேனுவலையும் எடுத்து வரவும்.