சிரிப்புப் படமா, அழுகைப் படமா?

கேள்வி: 'சர்வர் சுந்தரம்' படத்தை தோட்ட லயத்தில் எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அம்மாவோ, "இது அழ வைக்கிற படம்" என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, பூண்டுலோயா

பதில்: நான் அம்மா பக்கம். 1964இல் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய இந்தப் படம், கே. பாலசந்தரின் நாடகத்திலிருந்து பிறந்தது. ஹோட்டல் சர்வர் சுந்தரமாகப் பாத்திரங்களைக் கோபுரம்போல் அடுக்கி ஏந்தி வரும் நாகேஷைப் பார்த்துத் தம்பி சிரிக்காவிட்டால்தான் ஆச்சரியம். அந்த ஒல்லி உடம்பு ஒவ்வொரு எலும்பாலும் நடிக்கும்!

சுந்தரம் சினிமா நகைச்சுவை நடிகனாவதால், கோடம்பாக்கத் திரையுலகின் உள்வீட்டையும் படம் திறந்து காட்டுகிறது. பாட்டு ஒலிப்பதிவுக் காட்சியில் இசையமைப்பாளர் எம்.எஸ். விஸ்வநாதனும் பாடகர் டி.எம். சௌந்தரராஜனும் திரையிலேயே தோன்றுகிறார்கள். எனக்கு அது பொக்கிஷம்.

பிற்பாதி இழுவை என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரைச் சிரிக்க வைத்தவன் வீடு வந்து சேர்வதற்குள் தாய் போய்விடுகிறாள். அதுவரை நாம் சிரித்த சிரிப்புதான் அந்த இடத்தில் நெஞ்சை அடைக்கிறது. முற்பாதியை வெட்டிவிட்டுப் பார்த்தால் அம்மாவுக்கும் அழுகை வந்திருக்காது. தம்பியை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள், இம்முறை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து.