41,000 பேரும் ஒரு கால்பந்து வீரரும்: உதவுவதைக் கற்பிக்க ஒரு பாடம்

பள்ளிகளில் நிதி திரட்டுவது நமக்குப் பழகிய காரியம். ஒரு மாணவியின் அறுவை சிகிச்சைக்கு, தந்தையை இழந்த மாணவனின் குடும்பத்துக்கு, வெள்ள நிவாரணத்துக்கு என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிப்பு வந்துவிடுகிறது. வகுப்புத் தலைவர் பட்டியல் எழுதுகிறார். ஐந்தும் பத்துமாகப் பணம் சேர்கிறது. உரியவரிடம் ஒப்படைக்கிறோம். ஆனால் கொடுத்த பிள்ளைகள் அதிலிருந்து என்ன கற்றார்கள், பெற்றுக்கொண்ட பிள்ளை மறுநாள் எந்த மனநிலையில் வகுப்புக்கு வந்தது என்று நாம் அதிகம் யோசிப்பதில்லை.

இதை வகுப்பில் நேரடியாகப் பேசுவதில் ஒரு சிக்கல் உண்டு. பெயரைச் சொல்லாவிட்டாலும் எல்லாருடைய பார்வையும் ஒரே பெஞ்சை நோக்கித் திரும்பிவிடும். எனவே தொலைவில் நடந்த, உலகம் அறிந்த ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு பேசுவது நல்லது. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், நோயுற்ற முன்னாள் கால்பந்து வீரர் ஒருவருக்காக ரசிகர்கள் நிதி திரட்டிய நிகழ்வை 8 முதல் 10 வரையுள்ள வகுப்புகளில் இரண்டு பாடவேளைகளில் நடத்தலாம். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல், உடற்கல்வி ஆகிய நான்கு பாடங்களுக்கும் அதில் இடம் இருக்கிறது.

வீரரை அறிமுகப்படுத்துதல்

ஃபெர்னாண்டோ ரிக்சன் 1976-இல் நெதர்லாந்தில் பிறந்தவர். தம் நாட்டு அணிக்காகவும் ஆடியவர். 2000-ஆம் ஆண்டு கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அணியில் சேர்ந்தார். தொடக்கம் மோசமாக இருந்தது. அந்த ஆகஸ்டில் பரம எதிரியான செல்டிக் அணியிடம் ரேஞ்சர்ஸ் 6-2 என்று தோற்றது. அந்த ஆட்டத்தில் முதல் பாதி முடிவதற்குள்ளேயே ரிக்சனைப் பயிற்சியாளர் வெளியே அழைத்துவிட்டார். ரசிகர்கள் அவர்மேல் நம்பிக்கை வைக்க அப்போது காரணம் ஏதும் இல்லை.

அவர் அணியை விட்டுப் போகவில்லை, உழைத்தார். 2004-05 பருவத்தில் அணித் தலைவரானார். அந்தப் பருவத்தின் கடைசி நாளில் செல்டிக் எதிர்பாராமல் தோற்க, ரேஞ்சர்ஸ் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. கோப்பையை ஏற்றிச் சென்ற ஹெலிகாப்டர் வழியை மாற்றிக்கொண்டு பறக்க வேண்டியிருந்ததை ஸ்காட்லாந்து ரசிகர்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள். அந்த ஆண்டின் சிறந்த வீரர் விருது இருவருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டது. ஒருவர் ரிக்சன், மற்றவர் செல்டிக் அணியின் ஜான் ஹார்ட்சன்.

ரிக்சனின் மறுபக்கத்தையும் மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். அவர் முன்கோபக்காரர். மதுப்பழக்கமும் இருந்தது. 2006-இல் அணி தென்னாப்பிரிக்காவுக்குப் பயணம் சென்றபோது, விமானத்தில் நடந்துகொண்ட விதத்துக்காக அவர் திருப்பி அனுப்பப்பட்டார். இந்தத் தகவல் பாடத்துக்கு ஏன் தேவை என்பது பின்னால் விளங்கும்.

நோயை விளக்குதல்

2013 அக்டோபரில், தம் வாழ்க்கை நூல் வெளியீட்டையொட்டி நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ரிக்சன் தோன்றினார். பேச்சு குழறியது. தமக்கு மோட்டார் நியூரான் நோய் என்று அங்கே அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 37.

பத்தாம் வகுப்பு அறிவியலில் நரம்பு மண்டலம் நடத்தும்போது இதை இணைத்துக்கொள்ளலாம். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் இயக்க நரம்பு செல்கள் படிப்படியாகச் செயலிழப்பதே இந்த நோய். கட்டளை வராத தசைகள் மெலிகின்றன. நடப்பது, பேசுவது, விழுங்குவது, கடைசியில் மூச்சு விடுவது என ஒவ்வொன்றாகத் தடைபடும். தொடு உணர்வு பெரும்பாலும் கெடுவதில்லை. பலருக்குச் சிந்தனைத் திறனும் கடைசிவரை தெளிவாகவே இருக்கிறது. தம் உடல் நின்றுபோவதை நோயாளி உணர்ந்துகொண்டே இருக்கிறார். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இதுவரை இல்லை. இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்ததும் இதே நோய்தான் என்றால் மாணவர்களுக்குச் சட்டெனப் புரியும்.

ரசிகர்கள் செய்தது

2015 ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை. ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ரிக்சனுக்காகச் சிறப்புப் போட்டி ஒன்று நடந்தது. முன்னாள் வீரர்கள் ஆடினார்கள். அதைக் காண 41,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். ரிக்சன் தம் சிறு மகளோடு மைதானத்துக்குள் வந்தார்.

அன்று ரேஞ்சர்ஸ் இருந்த நிலையையும் சொல்ல வேண்டும். 2012-இல் கழகம் கடன் சுமையால் சரிந்து, ஸ்காட்லாந்து லீக்கின் கடைசிப் பிரிவிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டிவந்தது. 2015-இல் அது இரண்டாம் பிரிவில்தான் ஆடிக்கொண்டிருந்தது. நிர்வாகத்தின் மீது ரசிகர்களுக்குக் கோபமும் இருந்தது. தாங்களே சோர்ந்திருந்த காலத்தில்தான் அவர்கள் இன்னொருவருக்காகத் திரண்டார்கள்.

அந்தப் போட்டியால் ஏறக்குறைய 3,20,000 பவுண்டு சேர்ந்தது. அது முழுவதும் ஒருவர் கைக்குப் போகவில்லை. ஒரு பகுதி அவர் குடும்பத்துக்கும், மற்றவை இதே நோயால் வாடுவோருக்காகப் பணியாற்றும் ஸ்காட்லாந்து அமைப்பு உள்ளிட்ட அறப்பணிகளுக்கும் பகிரப்பட்டன. ரிக்சனின் பெயரைச் சொல்லிக் கேட்ட பணம், அவர் பெயரே அறியாத நோயாளிகளுக்கும் பயன்பட்டது.

பின்னாளில் ரிக்சன் ஸ்காட்லாந்தின் ஏர்ட்ரி நகரில் உள்ள நோய்த்தணிப்புப் பராமரிப்பு இல்லத்தில் தங்கினார். குரல் போன பிறகு கணினியின் உதவியோடு பேசினார். 2019 ஜூன் 28 அன்று நடக்கும் நிகழ்ச்சியே தாம் கலந்துகொள்ளும் கடைசி மாலையாக இருக்கும் என்று காணொளி வழியாக ரசிகர்களுக்கு அவரே தெரிவித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று, 43 வயதில் காலமானார்.

எதிரணியின் பங்கு

கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ், செல்டிக் அணிகளின் பகை வெறும் விளையாட்டுப் பகை அல்ல. ரேஞ்சர்ஸ் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் மக்களின் அணியாகவும், செல்டிக் அயர்லாந்திலிருந்து குடிவந்த கத்தோலிக்கர்களின் அணியாகவும் வளர்ந்தவை. மதமும் அரசியலும் கலந்த இந்தப் பகையால் வன்முறைகளும் நடந்ததுண்டு.

ஆனால் செல்டிக் கழகம் பிறந்த காரணமே அறப்பணிதான். 1887-இல் வால்ஃபிரிட் என்ற கத்தோலிக்கத் துறவி, கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் பசியால் வாடிய ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பணம் வேண்டுமென்றே இந்த அணியைத் தொடங்கினார். 1888 மே மாதம் அது ஆடிய முதல் ஆட்டம் யாரோடு தெரியுமா? ரேஞ்சர்ஸோடுதான்.

மோட்டார் நியூரான் நோய் செல்டிக் குடும்பத்தையும் விட்டுவைக்கவில்லை. 1967-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற செல்டிக் அணியின் புகழ்பெற்ற வீரர் ஜிம்மி ஜான்ஸ்டன் இந்த நோயால் 2006-இல் இறந்தார். அவருக்கு அஞ்சலி செலுத்தியவர்களில் ரேஞ்சர்ஸ் ரசிகர்களும் இருந்தார்கள். ரிக்சனோடு விருதைப் பகிர்ந்துகொண்ட ஹார்ட்சனும் 2009-இல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு உயிர்பிழைத்தவர். ரிக்சன் மறைந்தபோது செல்டிக் தரப்பிலிருந்தும் அஞ்சலி வந்தது. பகை அதனால் மறைந்துவிடவில்லை. அடுத்த ஆட்டத்தில் அதே கூச்சல் இருந்தது. பகைக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு என்பதை மட்டும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. மாணவர்களிடம் இதை இந்த அளவில் சொன்னால் போதும். மிகைப்படுத்தினால் நம்ப மாட்டார்கள்.

விவாதத்துக்கு மூன்று கேள்விகள்

1. உதவி பெறுபவர் நல்லவராக இருக்க வேண்டுமா?

என் ஒன்பதாம் வகுப்பில் முதலில் எழுந்த கேள்வி இதுதான்: “குடிச்சு ரகளை பண்ணினவருக்கு ஏன் சார் காசு கொடுக்கணும்?” இதற்கு ஆசிரியர் உடனே பதில் சொல்லிவிடக் கூடாது. மாணவர்களே பேசட்டும். “நோய் ஆளைப் பார்த்தா வருது?” என்று ஒருவர் கேட்பார். “அவர் மகள் என்ன தப்பு செஞ்சா?” என்று இன்னொருவர் கேட்பார். இந்த உரையாடல் நம் பள்ளிக்கு மிகவும் தேவை. “அவங்க அப்பா குடிகாரர், கொடுத்தாலும் வீண்” என்ற பேச்சு ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியைத் தடுத்துவிடக் கூடும். ரிக்சன் குறைகள் உள்ளவர் என்பது அந்த 41,000 பேருக்கும் தெரியும். தெரிந்தேதான் வந்தார்கள். உதவி போய்ச் சேரும் வழியைக் கவனமாக அமைக்கலாம். உதவி பெறுபவரின் நடத்தைக்கு மதிப்பெண் போட வேண்டியதில்லை.

2. மருத்துவம் இலவசமாக இருக்கும் நாட்டில் பணம் எதற்கு?

பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. ஆனாலும் நோயாளியின் வருமானம் நின்றுபோகிறது. சக்கர நாற்காலிக்கு ஏற்றபடி வீட்டை மாற்ற வேண்டியிருக்கிறது. குழந்தையின் எதிர்காலம் இருக்கிறது. ஆராய்ச்சிக்கும், நோய்த்தணிப்பு இல்லங்களுக்கும் நன்கொடை தேவைப்படுகிறது. நம் பள்ளியில் ஒரு குடும்பத்துக்கு உதவும்போதும் மருத்துவச் செலவைத் தாண்டி என்ன தேவை என்று மாணவர்களைப் பட்டியலிடச் சொல்லலாம். பேருந்துக் கட்டணம், மருத்துவமனையில் உடனிருப்பவரின் சாப்பாடு, விடுபட்ட பாடக் குறிப்புகள் என்று பெரியவர்களுக்குத் தோன்றாதவற்றையும் அவர்கள் எழுதுவார்கள்.

3. கொடுத்ததோடு முடிந்துவிடுமா?

2019-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறைக் கால்பந்து வீரர்கள் 7,676 பேரைப் பொதுமக்கள் ஏறக்குறைய 23,000 பேரோடு ஒப்பிட்டார்கள். நரம்புச் சிதைவு நோய்களால் இறக்கும் வாய்ப்பு வீரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. அதே ஆய்வில் இதய நோய், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றால் ஏற்படும் இறப்பு வீரர்களிடம் குறைவாக இருந்தது. ஆகவே விளையாட்டை நிறுத்தச் சொல்லும் ஆய்வு அல்ல இது. ஒரு தனி வீரரின் நோய்க்கு இதுதான் காரணம் என்று இதைக் கொண்டு சொல்லவும் முடியாது.

ஆனாலும் தலையால் பந்தை முட்டுவது பற்றிய கேள்வி வலுத்தது. 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து கால்பந்துச் சங்கங்கள், தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தைகளுக்குப் பயிற்சியில் தலைமுட்டு வேண்டாம் என்று வழிகாட்டின. நம் உடற்கல்வி ஆசிரியர்களும் இதைக் கவனத்தில் கொள்ளலாம். “ஏன் இப்படி நேர்ந்தது, அடுத்தவருக்கு நேராமல் தடுக்க முடியுமா” என்று கேட்பதும் உதவியின் ஒரு பகுதிதான் என்பதை மாணவர்கள் இங்கே உணர்வார்கள்.

கணக்குச் செயல்பாடுகள்

• 3,20,000 பவுண்டை 41,000 பேரால் வகுத்தால் என்ன வரும்? சுமார் 7.80 பவுண்டு. பெருந்தொகை என்று தோன்றியது, ஆளுக்கு 8 பவுண்டுக்கும் குறைவுதான். நம் பள்ளியில் 400 பேர் ஆளுக்கு 10 ரூபாய் கொடுத்தால் எவ்வளவு சேரும் என்று அடுத்துக் கேட்கலாம்.

• சராசரி எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது? எல்லாரும் ஒரே அளவு கொடுத்தார்கள் என்று சராசரி சொல்வதில்லை. பட்டியலைச் சத்தமாக வாசித்தால் இரண்டு ரூபாய் கொடுத்த பிள்ளையின் மனம் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இங்கிருந்து இயல்பாகப் போகலாம்.

• மேற்கண்ட ஆய்வில் நரம்புச் சிதைவு நோய்களால் இறந்தவர்கள் வீரர்களில் 1.7 சதவீதம், பொதுமக்களில் 0.5 சதவீதம். ஆயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று மாற்றச் சொல்லுங்கள். 17, 5 என்று வரும். “மூன்றரை மடங்கு” என்று கேட்கும்போது எழும் அச்சத்தையும், “ஆயிரத்தில் 17” என்று கேட்கும்போது தோன்றுவதையும் ஒப்பிடட்டும். செய்தித்தாளில் எண்களைப் படிக்க இது நல்ல பயிற்சி.

மாணவர்களே விதிகளை எழுதட்டும்

இரண்டாம் பாடவேளையின் இறுதியில் ஐந்து குழுக்களாகப் பிரித்து, “நம் பள்ளியில் அடுத்த முறை நிதி திரட்டினால் எப்படித் திரட்ட வேண்டும்?” என்று எழுதச் சொல்லலாம். என் வகுப்பில் வந்தவற்றுள் சில: பெறுபவரையும் அவர் வீட்டாரையும் கேட்ட பிறகே அறிவிக்க வேண்டும், கூட்டத்தின் முன் அவரை நிறுத்தக் கூடாது, மூடிய உண்டியலில் போட வேண்டும், யார் எவ்வளவு என்று எழுதக் கூடாது, மொத்தத் தொகையையும் அது போய்ச் சேர்ந்த விதத்தையும் அறிவிப்புப் பலகையில் போட வேண்டும், கொடுத்ததை யாரும் பிறகு சொல்லிக் காட்டக் கூடாது.

இவற்றைத் தொகுத்துத் தலைமையாசிரியர் வழியாகப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் பெறலாம். கணக்கு எழுதும் பொறுப்பை ஓர் ஆசிரியருடன் இரண்டு மாணவர்களுக்கும் தரலாம். அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது. அது வரும் நாளில், நிதி கேட்டு நிற்கப்போவது யாருடைய பிள்ளை என்பதும் தெரியாது. அதற்கு முன்பே இந்த விதிகள் எழுதப்பட்டிருப்பது நல்லது.