சபதம் சின்னதாக இருக்கட்டும்

கேள்வி: வேளாங்கண்ணியில் எத்தனையோ முறை சத்தியம் செய்தும் ஒரு மாதத்துக்குள் மறுபடி குடித்துவிடுகிறேன். மாதா என்னைக் கைவிட்டுவிட்டாரா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை சகோதரரே. எடுத்த எடுப்பிலேயே ஆயுள் சபதம் போடுவதுதான் சிக்கல். டப்ளின் கூலித் தொழிலாளி மேட் டால்பட் சிறுவயதிலேயே குடிக்குப் பழகியவர். 1884இல் அதை விட்டபோது மூன்று மாதத்துக்குத்தான் வாக்குக் கொடுத்தார், பிறகு ஆறு மாதம், அப்புறமே ஆயுளுக்கும். தன்மீது நம்பிக்கை இல்லாததால் விடியற்காலைத் திருப்பலியைப் பிடித்துக்கொண்டார். கடையைக் கண்டால் சபலம் தட்டுமென்று சட்டைப்பையில் காசே வைத்துக்கொள்ளவில்லை. 1925இல் இறக்கும்வரை தொடவில்லை. 1975இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

நீங்கள் நவநாளில் தொடங்குங்கள்: ஒன்பது நாளுக்கு மட்டும் வாக்கு, முடிந்ததும் அடுத்த ஒன்பது. பாவசங்கீர்த்தனத்தில் பங்குத்தந்தையிடம் "என்னால் முடியவில்லை சாமி" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சம்பளத்தை மனைவி கையில் கொடுத்துவிடுங்கள். குடிக்காத காலையில் கை நடுங்குகிறதா? முதலில் டாக்டரிடம் போங்கள், திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சிகிச்சை வழியாகவும் இறையருள் வரும். இடையில் வழுக்கினால் அடுத்த திருவிழாவரை காத்திருக்காதீர்கள். மறுநாளே கோயிலுக்குப் போய்விடுங்கள். மாதா வருகைப்பதிவேடு வைத்திருப்பதில்லை.