பெல்ற் சாணையில் கத்தி தீட்டும்போது கோணம் தவறாதிருக்க

இடம்பெயர்ந்தபோது கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்கள் பலர். அப்படிக் கொண்டுவந்த பொருள்களுள் கத்தியும் இருந்தது. மீள்குடியேறிய ஊரொன்றில் ஒரு தாயார் தமது தகப்பனார் காலத்துக் காட்டுக்கத்தியை எம்மிடம் கொண்டுவந்தார். லொறி வில்லுத்தகட்டில் கொல்லர் அடித்த கத்தி அது. பொதுப் பட்டறைக்குப் புதிதாக வந்திருந்த பெல்ற் சாணையை எல்லாருக்கும் காட்டவேண்டும் என்ற உற்சாகத்தில் நாமே அதைத் தீட்டினோம். இரண்டு நிமிடந்தான். நுனி உருண்டுவிட்டது, நடுவிலே குழி விழுந்துவிட்டது. அந்தத் தாயார் ஒன்றும் சொல்லவில்லை. வாயை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தியைச் சீலைத்துண்டில் சுற்றிக்கொண்டார்.

அதன் பின்னரே நாம் முறையாகப் பழகினோம். மோட்டார் இரும்பைத் தேய்க்கும். கோணத்தைக் கைதான் பிடிக்கவேண்டும். கல்லில் தீட்டும்போது ஓர் இழுப்புத் தவறினால் அடுத்த இழுப்பில் திருத்தலாம். பெல்ற்றில் தவறினால் போன இரும்பு போனதுதான்.

கோணம் என்பது பெல்ற்றுக்கும் கத்தியின் பக்கத்துக்கும் இடையிலான சரிவு. கறிக்கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 பாகை போதும். வேலிக் கதியால் வெட்டும் காட்டுக்கத்திக்கு 25 பாகை, கோடாரிக்கு 30 பாகை வரை வைக்கலாம். காட்டுக்கத்தியைக் கறிக்கத்தி போல மெல்லியதாகத் தீட்டினால் முதல் மரத்திலேயே வாய் மடங்கும், அல்லது உடையும்.

இதை அளக்கப் பாகைமானி வேண்டாம், அடிமட்டம் போதும். கத்தியின் வாயிலிருந்து முதுகுவரை உள்ள அகலத்தை அளந்துகொள்ளுங்கள். வாய் பெல்ற்றில் தொடும்போது முதுகின் நடு அந்த அகலத்தில் காற்பங்கு விலகி நின்றால் ஏறக்குறைய 15 பாகை. மூன்றிலொரு பங்கு என்றால் 20. ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கூட என்றால் 25. சரிபாதி என்றால் 30. 6 செ.மீ. அகலமான காட்டுக்கத்தியின் முதுகு 2.5 செ.மீ. விலகி நிற்கவேண்டும்; 4 செ.மீ. கறிக்கத்திக்கு 20 பாகை வேண்டுமானால் 1.4 செ.மீ.

கைக்கு இதைப் பழக்க ஒரு மரஆப்புச் செய்துகொள்ளுங்கள். பலகையில் 10 செ.மீ. கோடு கீறி, அதன் ஒரு முனையில் நேர்குத்தாக 4.7 செ.மீ. உயர்த்தி, மற்ற முனையோடு சேர்த்து அறுத்தால் 25 பாகை ஆப்புக் கிடைக்கும். 20 பாகைக்கு 3.6 செ.மீ. உயர்த்தவேண்டும். மெசினை நிறுத்தி, ஆப்பைப் பெல்ற்றோடு சாய்த்து வைத்து, அதன்மேல் கத்தியைப் படுத்திப் பாருங்கள். அந்த நிலை கைக்குப் பழகியதும் ஆப்பை எடுத்துவிட்டு மெசினை ஓடவிடுங்கள். ஓடும் பெல்ற்றின் பக்கம் ஆப்பைக் கொண்டுபோகவே கூடாது.

பெல்ற் ஓடும் திசையை முதலில் கவனியுங்கள். அது கீழ்நோக்கி ஓடினால் கத்தி வாயும் கீழ்நோக்கியே இருக்கவேண்டும். எதிர்த்துப் பிடித்தால் வாய் பெல்ற்றைக் கிழிக்கும், கத்தி கையை விட்டுப் பறக்கும். பின்னால் இரும்புத் தட்டு உள்ள இடத்திலேயே வையுங்கள். தட்டில்லாத இடத்தில் பெல்ற் உள்வாங்குவதால் சரிவு வளைந்துபோகும். கோடாரிக்கு அந்த வளைவு நல்லது, கறிக்கத்திக்கு ஆகாது.

முழங்கைகள் இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, மணிக்கட்டை அசைக்காமல், இடுப்பிலிருந்து உடம்போடு நகருங்கள். பிடியிலிருந்து நுனிவரை ஒரே வேகம், மெல்லிய அழுத்தம். எங்கே தயங்கி நின்றீர்களோ அங்கே குழி விழும். எமக்கு நடந்தது அதுதான். நுனி வளையத் தொடங்கும் இடத்தில் பிடியைச் சற்று உயர்த்துங்கள். வாய் பெல்ற்றுக்குக் குறுக்காகவே நிற்கும். நுனிப்பக்கம் அகலம் குறைவதால் முதுகும் பெல்ற்றை நெருங்கவேண்டும். நுனி பெல்ற்றின் நடுவை அடைந்ததும் கத்தியை எடுத்துவிடுங்கள். விளிம்பைத் தாண்ட விட்டால் நுனி உருண்டுவிடும்.

கோணம் சரியா என்று அறிய ஒரு மலிவான வழியுண்டு. வாயோரச் சரிவு முழுவதும் மார்க்கர் பேனையால் மை பூசி, ஒருமுறை மட்டும் இழுத்துப் பாருங்கள். மேற்பகுதியில் மட்டும் மை போயிருந்தால் கத்தி அதிகம் படுத்திருக்கிறது. வாயோரத்தில் மட்டும் போயிருந்தால் அதிகம் நிமிர்ந்திருக்கிறது. சரிவு முழுவதும் ஒரே சீராகப் போயிருந்தால் சரி. நாம் இன்னும் ஒவ்வொரு கத்திக்கும் இதைச் செய்கிறோம், வெட்கப்படுவதில்லை.

மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் எழும்வரை ஒரு பக்கம் தீட்டுங்கள். விரலை வாயின் நீளத்துக்கு ஓட்டாமல், முதுகிலிருந்து வாய்க்கு வெளியே தடவினால் பிசிர் தட்டுப்படும். நுனிவரை அது வந்ததும் பக்கத்தை மாற்றுங்கள். 120 இலக்கப் பெல்ற்றில் தொடங்கி 240 இல் முடித்து, மிஞ்சிய பிசிரைத் தோல்வாரில் இழுத்து நீக்கலாம். ஒவ்வொரு இழுப்புக்கும் பின் தண்ணீரில் தோயுங்கள். வாய் நீலம் பாரித்தால் அவ்விடத்து உருக்கின் பதம் போய்விட்டது, கூர் நிற்காது. கண்ணாடியும் மூக்குமூடியும் போடுங்கள். சால்வை, சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் மெசினின் கிட்டப் போகக்கூடாது. பல் வைத்த நெல்லரிவாளை இதில் வைக்கவேண்டாம்.

சில மாதங்கழித்து அந்தத் தாயாரின் கத்தியைக் கேட்டு வாங்கித் திருத்திக் கொடுத்தோம். குழியை எடுக்க அகலத்தில் 4 மில்லிமீற்றர் போயிற்று. இப்போது அதன் அகலம் 5.6 செ.மீ., முதுகு விலகவேண்டிய தூரம் 2.4 செ.மீ. அந்த இலக்கத்தை அவருடைய மகன் ஆணியால் பிடியில் கீறி வைத்திருக்கிறான்.