பாறைக்கோட்டையில் ஒரு தண்ணீர்த் தொட்டி



சென்ற ஆண்டு ஜெர்மனியில் படிக்கும் என் தங்கையைப் பார்க்கப் போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் டிரெஸ்டன் நகரிலிருந்து ரயிலேறி ராட்டன் என்ற சிற்றூருக்குப் போனோம். எல்பே ஆற்றைப் படகில் கடந்து, காட்டுப் பாதையில் மேலே நடந்தோம். ஆற்றுக்கு மேல் 194 மீட்டர் உயரத்தில் தூண் தூணாக நிற்கின்றன மணற்பாறைகள். 1851-இல் கட்டிய பாஸ்டை கல்பாலத்தை ஒட்டி இருக்கிறது நொய்ராட்டன் பாறைக்கோட்டை.

தங்கை சுற்றிலும் பார்த்துவிட்டு, "அண்ணே, கோட்டை எங்க? ஒரு வீட்டைக்கூட காணோமே!" என்றாள்.

உண்மைதான். அங்கிருந்த வீடுகள் மரத்தால் ஆனவை. மரமெல்லாம் போய்விட்டது. உத்தரங்களைப் பொருத்தப் பாறையில் வெட்டிய பள்ளங்களும், குடைந்த அறைகளும்தான் மிச்சம். அவற்றோடு ஒரு தொட்டியும் இருந்தது. மழைநீரைச் சேர்த்து வைத்த தொட்டி.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். கீழே அகலமான ஆறு ஓடுகிறது. ஆனால் எதிரி சூழ்ந்துகொண்டால் அதில் ஒரு குடம்கூட மொண்டு வர முடியாது. மழை பெய்த நாளில் சேர்த்ததுதான் அன்றைக்கு உயிர்த் தண்ணீர்.

அப்போது எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் ஞாபகத்துக்கு வந்தான். எங்கள் இளைஞர் குழுவின் ஞாயிறு சமய வகுப்புக்கு மூன்று பிள்ளைகள்தான் வருவார்கள். அவர்களில் அவனும் ஒருவன். "மூணு பேருக்கு எதுக்கு கிளாஸ்? ஆண்டு விழா வேலையைப் பார்ப்போம்" என்று சொல்லி வகுப்பை நிறுத்தியது நான்தான். விழா பிரமாதமாக நடந்தது. சில மாதம் கழித்து அந்தத் தம்பியின் தாத்தா தவறிவிட்டார். துக்க வீட்டில் அவன் என் கையைப் பிடித்து, "அண்ணே, தாத்தாவுக்கு ஏதாச்சும் பாடணும். எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. விழா, மேடை, அலங்காரம் எல்லாம் மர வீடு மாதிரி. தேவைதான், ஆனால் நிற்காது. வாரா வாரம் கற்கும் ஒரு பதிகம், தினம் ஐந்து நிமிட வழிபாடு, இவைதான் தொட்டியில் விழும் மழைத்துளி. துன்பம் வந்த பிறகு தொட்டி வெட்ட நேரம் இருக்காது.

ஊர் திரும்பியதும் வகுப்பை மீண்டும் தொடங்கினேன். இப்போதும் மூன்று பேர்தான். அந்தத் தம்பி முதல் ஆளாக வந்து பாய் விரிக்கிறான்.

சிந்திக்க:
1. பாராமல் பாடத் தெரிந்த பதிகம் உங்களுக்கு எத்தனை?
2. ஆள் குறைவு என்று உங்கள் குழு நிறுத்தியது எது? அதை மீண்டும் தொடங்க முடியுமா?