வாழைமர நோட்டு: காசு எப்படிச் செத்துப்போகிறது?

வகுப்பில் வருஷா வருஷம் யாராவது ஒரு தம்பி இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவான். "அண்ணே, அரசாங்கத்துக்கிட்டதானே நோட்டு அடிக்கிற அதிகாரம் இருக்கு? ஆளுக்கு ஒரு லட்சம் வெள்ளி அடிச்சுக் கொடுத்துட்டா ஏழையே இருக்க மாட்டாங்களே?" சிரிக்காதீர்கள், நல்ல கேள்விதான். அச்சு மெஷினை நம்பி ஆட்சி நடத்திய அரசாங்கம் ஒன்று இதே மண்ணில் மூன்றரை வருஷம் இருந்தது.

முதலில் நம்ம செலாயாங் பசார் போரோங்கையே எடுத்துக்கொள்வோம். இன்று விடியற்காலை நூறு கூடை தக்காளி வந்து இறங்குகிறது. வாங்க வந்தவர்கள் எல்லாருடைய பையிலும் ராத்திரியோடு ராத்திரியாகக் காசு பத்து மடங்கு ஆகிவிட்டது என்று வையுங்கள். தக்காளி அதே நூறு கூடைதான். என்ன நடக்கும்? விலைதான் ஏறும். காசு என்பது பொருளுக்கான சீட்டு. சீட்டை மட்டும் கூட்டினால் பொருள் கூடாது.

1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது, பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர். வந்தவர்கள் கையோடு சொந்த நோட்டையும் கொண்டுவந்தார்கள். பழைய மலாயா வெள்ளி ஒன்றுக்கு ஜப்பான் வெள்ளி ஒன்று, சரிக்குச் சரி என்று உத்தரவு. பத்து வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் ஒன்று இருக்கும். அதனால்தான் வாழைமர நோட்டு என்று பெயர்.

(நாம் ரிங்கிட்டை இன்னும் 'வெள்ளி' என்றுதானே சொல்கிறோம்? அந்தக் காலத்து டாலர் நாணயம் நிஜமாகவே வெள்ளியில் இருந்ததால் வந்த பெயர் அது. நாணயத்தை உருக்கினாலும் ஏதோ மிஞ்சும். நோட்டை எரித்தால் சாம்பல்தான்.)

அந்த நோட்டில் "கேட்டவுடன் தருவோம்" என்று ஜப்பான் அரசாங்கத்தின் வாக்குறுதி அச்சாகியிருந்தது. எதைத் தருவார்கள்? பின்னால் தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. படைக்குச் சம்பளம், சாப்பாடு, சாலை, ரயில் என்று எல்லாச் செலவுக்கும் அச்சடித்த தாள்தான். முதலில் வந்த நோட்டுகளில் வரிசை எண் இருந்தது. பிறகு அதையும் விட்டுவிட்டு, எழுத்துகளை மட்டும் போட்டு அடித்தார்கள். எண் இல்லாத நோட்டு எத்தனை வெளியே இருக்கிறது என்று யார் எண்ணுவது? கள்ள நோட்டு அடிப்பவனுக்கும் வேலை சுலபமாகிவிட்டது. கடைசியில் ஆயிரம் வெள்ளி நோட்டே வந்தது.

ஒரு பக்கம் தாள் குவிய, மறுபக்கம் பொருள் வற்றியது. போருக்கு முன் மலாயா சாப்பிட்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பர்மா, சயாம் போன்ற இடங்களிலிருந்து கப்பலில் வந்தது. அந்தக் கப்பல் நின்றுபோனது. ரப்பரை வாங்க ஆள் இல்லாததால் தோட்டங்களில் வேலையும் இல்லை. சில வெள்ளிக்கு விற்ற அரிசி மூட்டை ஆயிரக்கணக்கான வெள்ளியைத் தொட்டது. நம் தோட்டத்துச் சனம் மரவள்ளிக்கிழங்கில் உயிர் பிழைத்தது, சாக்கைத் துணியாகக் கட்டியது. சயாம் மரண ரயில் வேலைக்கு நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லி ஆயிரமாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்களே, அந்த வெள்ளியும் இந்தத் தாள்தான்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பாடப்புத்தகத்தில் இதைச் சீக்கிரம் தாண்டிவிடுவார்கள். நோட்டு அதிகமாவதால் மட்டும் காசு சாவதில்லை. நாளைக்கு இதன் மதிப்பு இன்னும் குறையும் என்று சனங்களுக்குத் தெரிந்துவிட்டால், எவரும் அதைக் கையில் வைத்திருக்க மாட்டார்கள். வந்த சம்பளத்தைச் சாயங்காலத்துக்குள் அரிசியாக, துணியாக, நகையாக மாற்றத் துடிப்பார்கள். ஒரே நோட்டு ஒரு நாளில் பத்துக் கை மாறும், அதனால் விலை இன்னும் வேகமாக ஏறும். பழைய பிரிட்டிஷ் நோட்டோ பெட்டிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. கெட்ட காசு நல்ல காசை விரட்டும் என்று பொருளாதாரத்தில் சொல்வது இதைத்தான். லாட்டரிச் சீட்டு விற்றும், சேமியுங்கள் என்று பிரசாரம் செய்தும் ஜப்பானியர்கள் தாளை உறிஞ்சப் பார்த்தார்கள். பலிக்கவில்லை.

எல்லா விலையேற்றமும் இந்த வகை அல்ல. மாதத்துக்கு 50 விழுக்காடு ஏறினால்தான் 'மிகை பணவீக்கம்' என்பது வழக்கமான அளவுகோல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்று 2 வெள்ளிக்கு விற்கும் ரொட்டி சானாய் ஆறு மாதத்தில் ஏறக்குறைய 23 வெள்ளி, ஒரு வருஷத்தில் 259 வெள்ளி! மலேசியாவில் 1974-இல் ஒரு வருஷத்துக்கு ஏறக்குறைய 17 விழுக்காடு ஏறியதற்கே வீடுகள் தவித்தன. 2022-இல் இலங்கையில் வருஷக் கணக்கில் 70 விழுக்காட்டை நெருங்கியது. கொடுமைதான், ஆனாலும் அந்த அளவுகோலுக்கு வெகு கீழே. 1923-இல் ஜெர்மனியும் 1946-இல் ஹங்கேரியும் 2008-இல் ஜிம்பாப்வேயும் கோட்டைத் தாண்டியவை. ஹங்கேரியில் உச்சக்கட்டத்தில் பதினைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை விலை இரட்டித்தது.

இதில் லாபம் யாருக்கு? முதலில், அச்சடித்தவனுக்கு. அடுத்து, கடன் வாங்கியவனுக்கு. போருக்கு முன் செட்டியாரிடம் நல்ல வெள்ளியில் வாங்கிய கடனை வாழைமர நோட்டில் அடைத்தால், ஒரு கோழி விலையில் ஒரு நிலத்துக் கடன் தீர்ந்துவிடும். நஷ்டம் கடன் கொடுத்தவனுக்கும், கூலிக்காரனுக்கும், சிறுகச் சிறுகச் சேமித்தவனுக்கும்.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்து, வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். கடன் வழக்குகள் மட்டும் ஓயவில்லை. 1948-இல் ஒரு தனிச் சட்டம் வந்தது. எந்த மாதத்தில் கொடுத்த ஜப்பான் காசு நல்ல வெள்ளியில் எவ்வளவு பெறும் என்று அதில் அட்டவணையே போட்டார்கள். ஆனால் அது கடன் பத்திரம் வைத்திருந்தவர்களுக்கான கணக்கு. கூலியாக வாங்கிய நோட்டைத் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்த தோட்டத் தொழிலாளிக்கு அதற்கு ஈடாக ஒரு காசும் கிடைக்கவில்லை.