வேலி யாருக்கு?

வெளிநாட்டில் வனவிலங்குத் தொண்டு என்றதும் நம்ம பசங்க மனசுல ஒரு படம் ஓடும். யானைக்குட்டிக்குப் புட்டிப்பால், ஆற்றில் குளிப்பாட்டு, அப்புறம் ஒரு செல்ஃபி. தம்பி தங்கைகளே, யானை மேல் ஏறலாம், யானையைக் குளிப்பாட்டலாம் என்று விளம்பரம் வந்தால் அந்தப் பக்கமே போகாதீங்க. வருகிறவர் போகிறவர் எல்லாம் தொட நிற்கிற யானை, அப்படி நிற்கப் பழக்கப்பட்ட யானை. எப்படிப் பழக்கினார்கள் என்று கேட்டால் பதில் நல்லா இருக்காது.

போன வருஷம் செமஸ்டர் விடுமுறையில் மூன்று வாரம் இலங்கைக்குப் போனேன். வஸ்கமுவ தேசியப் பூங்காவை ஒட்டிய கிராமங்களில், 1995-இல் தொடங்கிய இலங்கை வனஜீவராசிகள் பாதுகாப்புச் சங்கத்தின் களப்பணி. ஒரு யானையைக்கூட நான் தொடவில்லை. காலையில் நடந்துபோய் கால்தடம் அளப்போம். லத்தியைக் குச்சியால் பிரித்து என்ன தின்றிருக்கிறது என்று பார்ப்போம். மரத்தில் கட்டிய தானியங்கி கேமராவில் மெமரி கார்டு மாற்றுவோம். சாயங்காலம் உயரமான குடிலில் உட்கார்ந்து எத்தனை யானை, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் என்று எழுதுவோம். பல நாள் ஒன்றும் வராது. அதையும் எழுத வேண்டும்.

அந்த ஊர் விவசாயிகள் இராத்திரி முழுக்கப் பரணில் விழித்திருந்து வயல் காக்கிறார்கள். பரண் என்றால் நமக்குத் தினைப்புனம் காத்த வள்ளிதான் ஞாபகம். அவள் ஓட்டியது கிளியை. இவர்கள் ஓட்ட வேண்டியது ஆனையை!

நிலைமை சாதாரணமானதில்லை. தீபகற்ப மலேசியாவில் பாதி அளவே உள்ள அந்தத் தீவில், 2011 கணக்கெடுப்பின்படி 5,879 யானைகள். 2019-இல் மட்டும் 400-க்கு மேற்பட்ட யானைகளும் 100-க்கு மேற்பட்ட மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். துப்பாக்கிச் சூடு, தீனிக்குள் மறைத்து வைக்கிற வெடி, வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் இழுத்து விடுவது என்று யானை சாகிற வழிகள் பல.

பொறியியல் படிக்கிறவனுக்கு இங்கேதான் சுவாரசியம். முறையான மின்வேலி கொல்லாது. எனர்ஜைசர் என்ற கருவி ஆயிரக்கணக்கான வோல்ட்டை வினாடிக்கு ஏறக்குறைய ஒரு தடவை, மில்லிவினாடி அளவு நேரத்துக்கு மட்டும் அனுப்பும். சுருக்கென்று வலிக்கும், அவ்வளவுதான். வீட்டு மின்சாரம் விடாமல் பாயும், அதனால் கொல்லும்.

ஆனால் வேலியை எங்கே போடுவது? காட்டைச் சுற்றிப் போட்டால் போச்சு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அரசாங்கமும் பல வருஷம் அப்படித்தான் செய்தது. அங்கே யானைகள் பெரும்பாலும் சரணாலயத்துக்கு வெளியே வாழ்கின்றன. வனஜீவராசித் திணைக்களத்தின் காட்டுக்கும் வன இலாகாவின் காட்டுக்கும் நடுவே வேலி நின்றால் இரண்டு பக்கமும் யானைதான். யாரும் காவல் இல்லாத வேலியில் கொடி படரும், மின்சாரம் தரைக்குக் கசியும். யானையும் மரத்தைத் தள்ளிக் கம்பியைச் சாய்த்துவிட்டு நடக்கும். அதனால் இந்தச் சங்கம் கிராமத்தைச் சுற்றி வேலி போட்டு, பராமரிப்பை ஊர்மக்கள் கையிலேயே கொடுத்தது. டாக்டர் பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020-இல் கொடுத்த தேசியச் செயல்திட்டமும் இதைத்தான் சொல்கிறது. வயலுக்குப் போடும் வேலியை அறுவடை முடிந்ததும் கழற்றிவிடலாம். மிச்சத் தாளை யானை தின்றுவிட்டுப் போகட்டும்.

அதாவது வேலிக்குள் இருப்பது நாம், யானை இல்லை. எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போச்சு.

யானைக்கு ஆரஞ்சு வகைகள் ஆகாது. வீட்டுத் தோட்டத்தில் ஆரஞ்சுக் கன்று நட்டால் யானையும் அண்டாது, பழத்தில் வருமானமும் வரும். யானைத் தடம் குறுக்கிடும் சாலையில் பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகாமல் இருக்க ஒரு பஸ்ஸும் ஓட்டுகிறார்கள். வனவிலங்குத் தொண்டு நிறுவனம் பஸ் விடுகிறது என்றால் சிரிப்பு வரலாம். பிள்ளையை இழந்த ஊர் யானையை விட்டு வைக்குமா?

“வேலையும் செஞ்சிட்டு காசும் நீயே கட்டணுமாய்யா?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி, நீங்களும் கேட்கணும். சாப்பாடு, தங்குமிடம், ஜீப் எண்ணெய், உள்ளூர்க் களப்பணியாளர் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான். காசு எங்கே போகிறது, நீங்கள் கிளம்பிய பிறகு அந்த வேலையை யார் தொடர்வார், எந்த விசாவில் போக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். மழுப்பினால் வேண்டாம்.

“யானை நம்ம நாட்டிலேயே இல்லையா?” என்று இளைஞர் வகுப்பில் ஓர் அண்ணன் மடக்கினார். இருக்கு. 2025 அன்னையர் தினத்தன்று கிரிக் நெடுஞ்சாலையில் லோரி மோதிக் குட்டி செத்தபோது, தாய் யானை அந்த லோரியை விட்டு நகராமல் நின்ற படத்தை எல்லாருமே பார்த்தோம். செம்பனைத் தோட்டத்துக்குள் யானை புகுவதும் நமக்குப் புதுசில்லை. அங்கே பழகிய வேலை இங்கேயும் உதவும்.

இப்போது என் இறுதியாண்டு புராஜெக்ட், வேலியில் எந்த இடத்தில் வோல்ட்டேஜ் இறங்குகிறது என்று கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் சின்னக் கருவி. இடி விழுந்தால் அது தாங்குமா என்று விரிவுரையாளர் கேட்டிருக்கிறார். அதைத்தான் இந்த வாரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.